கர்த்தர் பேசினார் என்று எப்படி நிதானிப்பது? அனுபவமுள்ளவர்கள் பகிரலாம்

சபை மூப்பர்:
அனைவருக்கும் ஸ்தோத்திரம். வேலை மாற்றம், கல்யாணம், வீடு என்று வருகிற ஜெபக்குறிப்புகளில் பலவும், முடிவை எடுத்துவிட்டுக் கர்த்தரிடம் கையெழுத்துக் கேட்கிறவைதான். எரேமியா 42ஐ வாசியுங்கள். பாபிலோன் ராஜா யூதாவுக்கு வைத்த அதிகாரி கெதலியா கொலையுண்டபின், படைத்தலைவன் யோகனானும் ஜனங்களும் எரேமியாவிடம் வந்து, நன்மையானாலும் தீமையானாலும் கர்த்தர் சொல்கிறபடி செய்கிறோம் என்கிறார்கள். ஆனால் அதற்கு முன்பே, 41:17இல், எகிப்துக்குப் போகப் புறப்பட்டுப் பெத்லெகேமுக்குப் பக்கத்தில் தங்கியாயிற்று. மூட்டை கட்டியபின் கேட்ட கேள்வி! பத்து நாள் கழித்து, தேசத்திலேயே இருங்கள் என்று பதில் வந்தது. எரேமியாவைப் பொய்யன் என்று சொல்லிவிட்டுத் எகிப்திலுள்ள தக்பானேஸ் போய்ச் சேர்ந்தார்கள்.

அதனால் ஜெபிக்க உட்காருமுன் ஒரு தாளில் இதை எழுதச் சொல்வேன்: "வேண்டாம் என்று பதில் வந்தால், நாளைக்கு யாருக்கு போன் செய்து எதை ரத்து செய்வேன்?" எழுதக் கை வரவில்லையா, இன்னும் கேட்கிற நிலைக்கு வரவில்லை. அட்வான்ஸ் கொடுத்தபின் கேட்பதில் பிரயோஜனமில்லை.

பெண்கள் ஐக்கிய வேதபாடம் எடுப்பவர்:
ஐயா சொல்வதைத்தான், இங்கிலாந்தில் அநாதை இல்லங்கள் நடத்திய ஜார்ஜ் முல்லர் முதல் படியாக வைத்தார். அந்தக் காரியத்தில் சொந்த விருப்பம் ஓய வேண்டும். சிரமத்தில் பத்தில் ஒன்பது பங்கு அங்கேதான் என்பார். பிறகு உணர்ச்சியை நம்பாமல் வசனத்தோடு ஆவியானவரின் சித்தத்தைத் தேடுவது, சூழ்நிலைகளைக் கவனிப்பது, ஜெபம், கடைசியில் நிதானமான ஒரு தீர்மானம். இன்னும் இரண்டு மூன்று முறை ஜெபித்தும் சமாதானம் குலையாவிட்டால்தான் காலெடுத்து வைப்பார்.

1845 அக்டோபரில், பிரிஸ்டல் வில்சன் தெருவில் இருந்த அநாதை இல்லத்தால் அக்கம்பக்கத்தாருக்குத் தொந்தரவு என்று அவருக்கு ஒரு கடிதம் வந்தது. இடம் மாறவேண்டிய காரணங்களைத் தாளில் எழுதி வைத்துத்தான் ஜெபித்தார். 1846 பிப்ரவரியில் ஆஷ்லி டவுன் நிலத்துக்காரரைத் தேடிப் போனார். வீட்டில் இல்லை, கடையிலும் இல்லை. இரவு எட்டு மணிக்கு வீட்டில் இருப்பார் என்று வேலைக்காரர் சொல்லியும், இதில் தேவனுடைய கை இருக்கிறது என்று திரும்பிவிட்டார். மறுநாள் காலை நிலத்துக்காரரே, விடியற்காலை மூன்றிலிருந்து ஐந்து வரை தூக்கம் வரவில்லை என்று சொல்லி, ஏக்கர் 200 பவுண்டு விலையை 120 ஆக்கினார். நம்மில் யாராவது எட்டு மணிக்குப் போகாமல் இருந்திருப்போமா?

வாலிபர் ஊழியம்:
சிஸ்டர், சூழ்நிலையை வசனத்துக்குப் பிறகு வைத்தது முக்கியம். "கதவு திறந்தது" என்பதை மட்டும் பார்த்தால், கர்த்தர் நினிவேக்கு அனுப்ப, தப்பி ஓடிய யோனாவுக்கும் யோப்பாவில் தர்ஷீசுக்குப் போகிற கப்பல் கிடைத்தது, கையில் கூலியும் இருந்தது. கிதியோன் அடையாளம் கேட்டுக் களத்தில் போட்ட ஆட்டுத்தோலும் அப்படித்தான். என்ன செய்யவேண்டும் என்று அவனுக்கு நியாயாதிபதிகள் 6:14இலேயே சொல்லியாயிற்று; தோலைப் போட்டது 36ஆம் வசனத்துக்குப் பிறகு. தீர்மானம் எடுக்கிற முறையாக அதைக் கற்றுக்கொடுக்காதீர்கள். வருஷப் பிறப்பு ஆராதனையில் எடுத்த, ஒரு வசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டையை வைத்து ராஜினாமா கடிதம் எழுதுவதும் வேண்டாம். அந்த வசனம் வருகிற அதிகாரம் முழுவதையும் வாசியுங்கள், பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும்.

போதகர்:
பிறர் சொல்லும் தீர்க்கதரிசனத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1 இராஜாக்கள் 13இல் யூதாவிலிருந்து வந்த தேவமனுஷனுக்கு மூன்று கட்டளை: அப்பம் புசியாதே, தண்ணீர் குடியாதே, போன வழியாய்த் திரும்பாதே. ராஜா அழைத்தபோது மறுத்தவன், ஒரு கிழவன் "தூதன் என்னோடே பேசினான்" என்றதும் போய்ச் சாப்பிட்டான். வழியில் சிங்கம் அடித்தது. நமக்கு ஏற்கெனவே தெளிவாகத் தெரிந்ததை மாற்றச் சொல்லும் வார்த்தை எந்த வாயிலிருந்து வந்தாலும் நிறுத்திப் பார்க்கவேண்டும். 1 கொரிந்தியர் 14:29 மற்றவர்கள் நிதானிக்கக்கடவர்கள் என்கிறது. சொன்னதைச் சொன்னபடியே தேதியோடு எழுதுங்கள், நம் அர்த்தத்தைத் தனியாக எழுதுங்கள், அந்தக் காரியத்தால் எந்த லாபமும் இல்லாத இரண்டு பேரிடம் காட்டுங்கள்.

சபை மூப்பர்:
நன்றி பாஸ்டர். கேட்டபின் சறுக்குகிற இடத்தையும் சொல்லிவிடுகிறேன். அமலேக்கியருடையதையெல்லாம் அழிக்கும்படி கர்த்தர் சொல்லியிருந்தும், சவுல் ராஜா முதல்தரமான ஆடுமாடுகளை வைத்துக்கொண்டு, பலியிடத்தான் என்றான். இன்றைக்கு இதே வேலை பணத்தில் நடக்கிறது. ஒருவரை ஏமாற்றி வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுக்கும்படி உணர்த்தப்பட்டவர், அதைக் காணிக்கைப் பெட்டியில் போட்டுவிட்டு நிம்மதியாகிவிடுகிறார். எண்ணாகமம் 5:7இன்படி முதலோடு ஐந்தில் ஒரு பங்கும் கூட்டி உரியவருக்கே கொடுக்கவேண்டும். 10,000 என்றால் 12,000. உரியவரும் இல்லை, வாங்கிக்கொள்ள அவருடைய இனத்தாரும் இல்லை என்றால்தான், அடுத்த வசனத்தின்படி, அது ஆசாரியனுக்குப் போகும்.