ரப்பர் இலைப்புள்ளி: தட்டில் தடவைக்கு ஒரு பூஞ்சை வருகிறது, எது நோய்க்காரணி?

இளந்தளிர் கேட்டது:

வணக்கம். வளர்ந்த ரப்பர் மரங்களில் இரண்டு மழைக்காலமாக இலை அளவுக்கு மீறிக் கொட்டுகிறது. பழுப்பு நிற வட்டப் புள்ளிகள் வருகின்றன, பெரியவை 2 செ.மீ. அகலம் இருக்கும். புள்ளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து, இலை மஞ்சளாகி விழுந்துவிடுகிறது.

விழுந்த இலைகளைப் பொறுக்கி வந்து, ஆல்கஹாலால் துடைத்து, புள்ளியின் நடுவில் துண்டு வெட்டி தட்டில் பி.டி.ஏ. ஊடகத்தில் (பூஞ்சை வளர்க்கும் உருளைக்கிழங்குக் கூழ்மம்) வைத்தேன். முதல் தடவை ஆரஞ்சு நிற வித்துக் குவியலோடு கொலட்டோட்ரைக்கம் என்ற பூஞ்சை வந்தது. அடுத்த தடவை வெள்ளைப் பஞ்சின் மேல் மைத்துளி போலக் கறுப்புப் பொட்டுகள். மூன்றாவது தடவை பெரும்பாலும் ஃபியூசேரியம் என்ற வேறொரு பூஞ்சை. கொலட்டோட்ரைக்கத்தை ஊசியால் குத்திய இலையில் வைத்துப் பார்த்தேன், புள்ளி விழுந்தது. அப்படியென்றால் அதுதான் காரணம் என்று முடிவு செய்யலாமா? எந்த மருந்து தெளிப்பது என்பது இதைப் பொறுத்துத்தான் இருக்கிறது.

பால்வெட்டு:

தம்பி, தட்டுக்குப் போகும் முன் மரத்தடியில் பார்க்க வேண்டியது நிறைய இருக்கிறது. கொழுந்தில் வருகிறதா, முற்றிய இலையிலா? இலையுதிர்வுக்குப் பின் துளிர்க்கும் நேரத்தில் வெள்ளை மாவு பூத்து, செம்புநிறத் தளிர் சுருங்கி விழுந்தால் அது சாம்பல் நோய். அந்தப் பூஞ்சை உயிருள்ள இலையில் மட்டுமே வாழும், எத்தனை தட்டு வைத்தாலும் வளராது.

பச்சை இலையே கொட்டினால் காம்பைப் பாருங்கள். கறுத்த திட்டும், அதன் மேல் உறைந்த வெள்ளைப் பால் துளியும் இருந்தால் ஃபைட்டோப்தோரா என்ற நோய்க்கிருமி. நரம்பு கறுத்து மீன்முள் போலத் தெரிந்தால் கொரினெஸ்போரா என்ற பூஞ்சை. இந்த இரண்டு அடையாளமும் அவ்வளவு எளிதில் ஏமாற்றாது.

இளந்தளிர்:

நன்றி அண்ணா. முற்றிய இலையில்தான் வருகிறது. காம்பு சுத்தமாக இருக்கிறது, மீன்முள் அடையாளமும் இல்லை.

வித்துத்தட்டு:

சரி, அப்போது சந்தேகம் கொலட்டோட்ரைக்கம் மேலும் பெஸ்டலோஷியோப்சிஸ் வகைப் பூஞ்சை மேலும்தான். உங்கள் கறுப்புப் பொட்டு இரண்டாவதாக இருக்கலாம். ஆனால் இப்போது முடிவு எழுதாதீர்கள், தயவுசெய்து.

விழுந்த இலையில் மட்குண்ணிகள் (செத்த திசுவைத் தின்று வாழும் பூஞ்சைகள்) உடனே ஏறிவிடும். ஃபியூசேரியம் அப்படி வந்திருக்கவே வாய்ப்பு அதிகம். புள்ளியின் நடுப்பகுதி செத்த திசு, அங்கேயும் இதே கதைதான். மரத்தில் இருக்கும் இலையைப் பறியுங்கள். புள்ளி 2, 3 மி.மீ. அளவில் இருக்கும்போதே எடுத்து, பாதி பழுப்பும் பாதி பச்சையுமாக ஓரத்தை வெட்டுங்கள். ஓடும் நீரில் கழுவி, 70% ஆல்கஹாலில் அரை நிமிடம், 1% சோடியம் ஹைப்போகுளோரைட்டில் ஒரு நிமிடம், பிறகு கிருமி நீக்கிய நீரில் மூன்று முறை. கடைசியாகக் கழுவிய நீரிலும் ஒரு துளியைத் தட்டில் விடுங்கள். அதில் எதுவும் முளைக்கக் கூடாது.

பலர் விட்டுவிடும் ஒன்று: புள்ளியே இல்லாத இலையையும் இதே முறையில் வையுங்கள். கொலட்டோட்ரைக்கமும் பெஸ்டலோஷியோப்சிஸும் நல்ல இலைக்குள்ளேயே சத்தமில்லாமல் குடியிருக்கும். தட்டில் வந்ததாலேயே குற்றவாளி ஆகிவிடாது.

நுண்ணோக்கியில் பிரிப்பது கடினமில்லை. கொலட்டோட்ரைக்கத்தின் வித்து ஒற்றைச் செல், நிறமற்ற உருளை. பெஸ்டலோஷியோப்சிஸ் வகைக்கு ஐந்து செல், நடு மூன்றும் பழுப்பு, நுனியில் இரண்டு மூன்று மயிரிழை. அந்த மூன்றில் மேலிரண்டு மட்டும் கூடுதலாகக் கறுத்திருந்தால் நியோபெஸ்டலோஷியோப்சிஸ் பக்கம் யோசிக்கலாம்.

குத்திய இலையில் புள்ளி வந்தது பலவீனமான சான்று. காயம் பட்டால் பலவீனமான பூஞ்சையும் புகுந்துவிடும். குத்தாத இலையிலும், அதே வயது இலையில், வெறும் நீர்த்துளி வைத்த இலையோடு ஒப்பிட்டுச் செய்யுங்கள். வந்த புள்ளியிலிருந்து அதே பூஞ்சையைத் திரும்பப் பிரித்தெடுத்தால்தான் காக் விதி (ஒரு கிருமிதான் நோய்க்காரணி என்று நிரூபிக்கும் விதி) நிறைவேறும். கொலட்டோட்ரைக்கம், பெஸ்டலோஷியோப்சிஸ் வகை இரண்டையும் தனித்தனியாகவும் கலந்தும் வைத்துப் பாருங்கள்.

மரபணுக்கோடு:

பெயர் வைக்கும்போதும் கவனம் தேவை. ஐ.டி.எஸ். (பூஞ்சைகளை அடையாளம் காணப் பயன்படும் ஒரு டி.என்.ஏ. பகுதி) வரிசை ஒன்றை மட்டும் வைத்து கொலட்டோட்ரைக்கத்தில் இனம் சொல்ல முடியாது. ஆக்டின், பீட்டா டியூபுலின் போன்ற மரபணுக்களும் வேண்டும். அதற்கு முன் ஒற்றை வித்திலிருந்து வளர்த்த தூய வளர்ப்பு அவசியம்.

2016 வாக்கில் இந்தோனேசியாவின் வடக்கு சுமத்ராவில் தொடங்கி மலேசியா, தாய்லாந்து என்று பரவிய இலையுதிர்வும் நீங்கள் சொல்வது போன்ற வட்டப் புள்ளிதான். அங்கேயும் சில ஆய்வுகள் நியோபெஸ்டலோஷியோப்சிஸையும் சில கொலட்டோட்ரைக்கம் சியாமென்சையும் காட்டின. உங்கள் குழப்பம் உங்களுக்கு மட்டும் வந்ததல்ல.

இளந்தளிர்:

சொன்னபடி மறுபடி செய்தேன். புதுப் புள்ளியின் ஓரத் துண்டுகள் 24, அதில் 17இல் ஐந்து செல் வித்து, மேலிரண்டு கறுப்பு. கொலட்டோட்ரைக்கம் 6இல் வந்தது. ஆனால் புள்ளியில்லாத இலைத் துண்டுகள் 24 வைத்ததில் அங்கேயும் 5இல் வந்துவிட்டது! ஃபியூசேரியம் ஒன்றுகூட இல்லை. கழுவிய நீர்த் தட்டும் சுத்தம்.

குத்தாத இலைகளில் நேற்றுத்தான் வித்துக் கரைசல் வைத்தேன். எத்தனை நாள் பொறுக்கலாம்?

வித்துத்தட்டு:

ஈரப்பெட்டியில் பத்து நாள் வரை பாருங்கள், தினமும் படம் எடுத்து வையுங்கள். நீர்த்துளி வைத்த இலையிலும் புள்ளி வந்தால் மொத்தத்தையும் தள்ளிவிட்டு, செடியோடு இருக்கும் இலையில் செய்யுங்கள். அதுவரை மருந்து முடிவைத் தள்ளிப் போடுங்கள்.