‘பில்லியனர்’: கோடீஸ்வரர் போதுமா?

அன்புடையீர், வணக்கம்.

‘பில்லியனர்’ என்பதற்குக் ‘கோடீஸ்வரர்’ இருக்கையில் புதுச்சொல் எதற்கு என்று இச்சொல்லாக்க விவாத இழையில் எழுந்த கேள்வி நியாயமானதே. ஆயினும் கணக்கு இடிக்கிறது. மில்லியன் என்பது பத்து லட்சம். பில்லியன் நூறு கோடி. கோடியோ முன்னதைவிடப் பத்து மடங்கு பெரிதாகவும் பின்னதில் நூற்றில் ஒரு பங்காகவும் நடுவில் நிற்கிறது. மில்லியனர், பில்லியனர் இருவரையும் கோடீஸ்வரர் என்றே எழுதும்போது அவர்களுக்கிடையிலான ஆயிரம் மடங்கு வேறுபாடு காணாமற்போகிறது.

பில்லியனருக்கு ‘நூறுகோடியர்’ என இங்கு வந்த பரிந்துரை இக்குறையைத் தீர்க்கிறது என்றாலும் அதை ஏற்க எனக்கு இரண்டு தடைகள். சங்கப் பாடல்களில் ‘கோடியர்’ என்போர் கூத்தர். வள்ளல்களை நாடிப் பரிசில் பெறச் சென்றவர்கள். பழந்தமிழ் பயின்றவர் காதில் அது நூறு கூத்தர் என்றே விழும். (கேட்டுப் போனவர்களின் பெயர் கொடுக்கும் நிலையில் இருப்பவர்களுக்கு வாய்ப்பது வேடிக்கைதான்.) மற்றத் தடை இதைவிடக் கனமானது. வெறும் எண்ணையே பொருளாகக் கொண்ட சொல், எந்த நாணயத்தில் என்று சொல்லாதவரை எதையும் உணர்த்துவதில்லை. ஜிம்பாப்வே 2009-இல் 100 டிரில்லியன் டாலர் தாள் ஒன்றை வெளியிட்டது; அத்தாள் ஒன்றைக் கையில் வைத்திருந்தவர் எண்ணின்படி ஒரு லட்சம் பில்லியன் உடையவர், ஆனால் அவரைச் செல்வர் என்று எவரும் அழைத்திருக்கமாட்டார்கள். எண்ணின் பெயரும் நிலையானதன்று: இன்று நூறு கோடியைக் குறிக்கும் பில்லியன், பிரிட்டனின் அரசு வழக்கில் 1974 வரை லட்சம் கோடியைக் குறித்தது.

எனவே சொல்லாக்கத்துக்கு முன் வரையறையை முடிவு செய்வோம். ‘பணக்காரர்’ என்பதற்குச் ‘செல்வர்’ என்றும் ‘செல்வர்’ என்பதற்குப் ‘பணக்காரர்’ என்றும் பொருள் எழுதிச் சுற்றிவிடும் வழக்கம் இங்கே உதவாது. கடன்களைக் கழித்தபின் எஞ்சும் நிகரச் சொத்து, அதிலும் பெரும்பகுதி நாள்தோறும் ஏறி இறங்கும் நிறுவனப் பங்குகளாக இருப்பது, ஒருவர் தம் வாழ்நாளில் செலவழித்துத் தீர்க்க இயலாத அளவினது: இம்மூன்றும் அமைந்த நிலையையே நாம் சுட்ட விரும்புகிறோம்.

சிலப்பதிகாரம் கோவலனின் தந்தை மாசாத்துவானை ‘இருநிதிக் கிழவன்’ என்கிறது. பெருஞ்செல்வத்துக்கு உரியவன் என்பது பொருள். அழகான சொல்தான், ஆனால் இன்றைய வாசகர் இரண்டு நிதிகளை வைத்திருக்கும் முதியவர் என்று படித்துவிடுவார். திருக்குறளில் வரும் ‘அடுக்கிய கோடி’ அப்படி மயங்கவிடாது. ஒன்றின்மேல் ஒன்றாகக் கோடிகள் ஏறுவதை அது கண்முன் நிறுத்துகிறது. எத்தனை என்று எண்ணிச் சொல்லவும் இல்லை. இதிலிருந்து, மிகைச்செல்வ நிலையை ‘அடுக்குச்செல்வம்’ என்றும் உடையவரை ‘அடுக்குச்செல்வர்’ என்றும் குறிக்கலாம் என்பது என் முன்மொழிவு. புள்ளிவிவரத்துக்கு எண் தேவைப்படும் இடங்களில் நாணயத்தின் பெயரோடு ‘நூறு கோடி டாலர் உடையவர்’ என்று விரித்தே எழுதிவிடலாம். நிலையைச் சுட்டுவது, எண்ணைச் சொல்வது என்ற இரு வேலையையும் ஒரே சொல்லின் தலையில் ஏற்றியதால்தான் இவ்வளவு குழப்பம்.

‘அடுக்கிய கோடி’ என்ற தொடர் ‘நன்றியில் செல்வம்’ (பயனற்ற செல்வம்) அதிகாரத்தில் வருவதால் பழிச்சாயல் ஒட்டிக்கொள்ளும் என்று மறுப்பு எழக்கூடும். அங்கே, கொடுக்கவும் துய்க்கவும் தெரியாதவருக்கு அடுக்கிய கோடி இருந்தும் இல்லை என்கிறார் வள்ளுவர். ஆனால் ‘குடிமை’ அதிகாரத்திலும் அதே தொடர் வருகிறது. அடுக்கிய கோடி பெறுவதாயினும் நற்குடிப் பிறந்தார் தம் ஒழுக்கம் குன்றுவன செய்யார் என்கிறது அக்குறள். அங்கே அது பேரளவை மட்டுமே சுட்டுகிறது. ஆகவே பழி தொடரில் இல்லை.

எழுத்து வடிவம் குறித்து ஒன்று. ‘அடுக்குத்தொடர்’ என்பதில் போல இதிலும் வல்லினம் மிகவேண்டும். ‘ச்’ என்ற ஒற்றை விட்டு ‘அடுக்கு செல்வர்’ என்று எழுதினால் வினைத்தொகையாகி, மேலும் மேலும் அடுக்கிக்கொண்டே இருக்கும் செல்வர் என்றாகிவிடும். அதுவும் பொருந்தத்தான் செய்கிறது. ஆனால் அகராதிக்கு ஒரு வடிவம் போதும்.