முன்னால் மட்டும் ஆல் டெரெய்ன் டயர் போட்ட டஸ்டர்: மழையில் பின்பக்கம் தள்ளுகிறது, என்ன செய்யலாம்?

கட்டபெட்டுக்காரன்:
வணக்கம். வண்டி டஸ்டர் டீசல், முன் சக்கரம் மட்டும் இழுக்கிற மாடல். டயர் அளவு 215/65 ஆர் 16. தேயிலைத் தோட்டம் கீழ் கோத்தகிரிப் பக்கம். தார் ரோட்டிலிருந்து தோட்டத்துக்கு இறங்கும் மண் பாதை ஐப்பசி மழை பிடித்தால் உழுத வயல்தான். பழைய டயர் அங்கே நின்ற இடத்திலேயே சுற்றும். டயர் மாற்றிய கடையில், "முன்னாடிதானே இழுக்குது, ரெண்டு மட்டும் ஆல் டெரெய்ன் போடுங்க, போதும்" என்றார்கள். மண், கல், சேறு எல்லாவற்றுக்குமான ஆழப் பள்ள டயர் அது. போட்டேன். மண் பாதையில் இப்போது பிரச்சினை இல்லை.

பிரச்சினை தார் ரோட்டில். மழையில் மேட்டுப்பாளையம் இறங்கும்போது, குஞ்சப்பனைக்கு மேலே உள்ள கொண்டை ஊசி வளைவுகளில் பிரேக்கை மிதித்தபடி திருப்பினால் பின்பக்கம் வெளியே தள்ளுகிறது. வேகம் 25, 30தான். முன்பு இப்படிச் செய்ததில்லை. 50ஐத் தாண்டினால் ஊளைச் சத்தம் வேறு. மைலேஜும் லிட்டருக்கு ஒரு கிலோமீட்டர் போல இறங்கியிருக்கிறது. புது டயரே சரியில்லையா, சக்கரங்களின் கோணம் (அலைன்மென்ட்) பிசகியதா?

கோவை டயர்க்காரர்:
சார், சந்தேகப்பட வேண்டியது புது டயரை இல்லை, பழசை. பின் டயரில் பள்ளம் எவ்வளவு மிச்சம் இருக்கிறது? பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் 4 எண்கள் இருக்கும், அதையும் பார்த்துச் சொல்லுங்கள்.

கட்டபெட்டுக்காரன்:
தேய்மானக் குறிக்குச் சற்று மேலே நிற்கிறது. உள் ஓரம் இன்னும் மோசம். எண் 1419.

கோவை டயர்க்காரர்:
அப்படியென்றால் 2019இன் 14ஆவது வாரம் செய்தது. ரப்பர் இறுகியிருக்கும். அந்தக் குறி 1.6 மி.மீ. அதுவரை ஓட்டலாம் என்பது சட்டத்துக்குச் சரி, மலை மழைக்குச் சரியில்லை. நான் 3 மி.மீ. வந்ததுமே மாற்றச் சொல்வேன்.

இறக்கத்தில் பிரேக் பிடித்தால் எடை முழுக்க முன்னால் சாயும், பின்பக்கம் லேசாகிவிடும். முன்னால் ஆழமான பள்ளம் உள்ள புது டயர் தண்ணீரை ஒதுக்கிவிட்டு ரோட்டைப் பிடிக்கிறது. பின் டயரால் அது முடியவில்லை. முன்பு நான்கும் ஒரே மாதிரி தேய்ந்திருந்ததால் வழுக்கினாலும் முன்பக்கம்தான் முதலில் வழுக்கியிருக்கும். அப்போது வண்டி வளைவில் திரும்பாமல் நேராகப் போகப் பார்க்கும், காலை எடுத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். பின்பக்கம் வழுக்கினால் வண்டியே சுற்றும், சாதாரண ஓட்டுநரால் பிடிப்பது கஷ்டம். எந்தச் சக்கரம் இழுக்கிற வண்டியானாலும், இரண்டு டயர் மட்டும் வாங்கினால் நல்ல ஜோடி பின்னால் போக வேண்டும் என்பது அதனால்தான். உங்களுக்கோ இழுவை முன்னால் வேண்டும். ஆகவே நான்கும் ஒரே வகை, வேறு வழி இல்லை. உள் ஓரத் தேய்மானத்துக்கு அலைன்மென்டும் பார்த்துவிடுங்கள், ஆனால் வழுக்குவதற்கு முதல் காரணம் அது இல்லை.

கூடலூர் ஜீப்:
தம்பி, டயர்க்காரர் சொன்னதில் நான்கும் ஒரே வகை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த நான்கும் ஆல் டெரெய்னாகத்தான் இருக்கணுமா? மண் பாதை எவ்வளவு தூரம்?

கட்டபெட்டுக்காரன்:
முக்கால் கிலோமீட்டர் இருக்கும் அண்ணா. அதில் மோசம் இரண்டு திருப்பம்தான்.

கூடலூர் ஜீப்:
அதற்காக வருஷம் முழுக்கத் தார் ரோட்டில் ஊளையைக் கேட்டுக்கொண்டு டீசலையும் கூடுதலாக ஊற்றப் போகிறீர்களா? அந்த டயர் கனம், பள்ளங்களுக்கு நடுவே உள்ள ரப்பர் கட்டைகளும் பெரிசு. ஈரத் தாரில் பிரேக் பிடித்தால் நல்ல ரோடு டயரைவிடத் தள்ளி நிற்பதுதான் அதிகம். என்னைக் கேட்டால் நான்கும் நல்ல ரோடு டயர் போட்டு, அந்த இரண்டு திருப்பத்திலும் கருங்கல் பாவி, தண்ணீர் ஓரமாய் ஓட ஒரு வாய்க்கால் வெட்டுங்கள். இலை எடுக்க வரும் வண்டிக்கும் உதவும்.

அப்புறம், எந்த டயர் போட்டாலும் வளைவுக்கு முன்னாலேயே பிரேக்கை முடித்துவிடணும். இரண்டாம் கியரில் வண்டியை எஞ்சின் பிடித்துக்கொள்ளட்டும். கொண்டை ஊசியில் லாரி சிந்திய டீசலும் சில்வர் ஓக் சருகும் சேர்ந்து கிடந்தால் எந்த டயரும் கை கொடுக்காது.

பூம்பாறை வாசி:
கொடைக்கானல் மேல்மலையிலிருந்து. என் கிராஸ்ஓவருக்கு நான்குமே ஆல் டெரெய்ன், எனக்குத் திருப்தி. எங்கள் பக்கம் உடைந்த ரோட்டில் கல் கிழித்துப் பக்கச்சுவர் போவதுதான் பெரிய செலவு, அது இப்போது குறைந்திருக்கிறது. ஸ்டியரிங் கொஞ்சம் கனம், மைலேஜ் உங்களைப் போலவே. சத்தத்துக்குப் பாட்டைக் கூட்டி வைத்துவிடுவேன்.

ஆனால் உங்கள் ஊளை டயர்தான் என்று உறுதி செய்துகொள்ளுங்கள். வழவழப்பான தாரிலும் சொரசொரப்பான தாரிலும் சத்தம் மாறினால் டயர். ஆளில்லாத நேர் ரோட்டில் லேசாக இடம் வலம் திருப்பும்போது ஒரு பக்கம் கூடி மறுபக்கம் அடங்கினால் வீல் பேரிங்.

இன்னொன்று, பக்கச்சுவர் இன்னும் உயரமான 215/70 போட்டால் வண்டி உயரும் என்கிறார்களே, சேர்த்தே செய்யலாமா?

கோவை டயர்க்காரர்:
வேண்டாம். விட்டம் சுமார் 21 மி.மீ. கூடும், அதில் பாதிதான் வண்டிக்கு உயரம். மீட்டர் 60 காட்டும்போது நிஜ வேகம் 62 ஆகிவிடும். முழுசாக ஒடிக்கும்போது உள் ஓரம் உரசுகிறதா என்று வேறு பார்க்கணும், மலையில் முழுசாக ஒடிக்காமல் ஒரு நாள் போகாது.

காற்று பற்றியும் ஒரு வார்த்தை. மேட்டுப்பாளையத்தில் அடித்த காற்று கோத்தகிரியில் குளிருக்குக் குறைகிறதே என்று கூட்டி அடிப்பார்கள். குளிரில் 2 பி.எஸ்.ஐ. போலக் குறைவது உண்மை. ஆனால் உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தமும் குறைவதால் கேஜ் கிட்டத்தட்ட அதே அளவு கூட்டிக் காட்டும். இரண்டும் சேர்ந்தால் கணக்கு நேர். காலையில் டயர் சூடாகும் முன், வண்டி நிற்கும் ஊரிலேயே, கதவோர ஸ்டிக்கரில் உள்ளபடி வைத்தால் போதும்.

கட்டபெட்டுக்காரன்:
நன்றி. சத்தம் ரோட்டுக்கு ரோடு மாறுகிறது, எனவே டயர்தான். கல் பாவ ஆள் கேட்டிருக்கிறேன். ஆல் டெரெய்ன் இரண்டையும் கடையில் திருப்பி எடுப்பார்களா என்று பார்க்கிறேன், எடுக்காவிட்டால் அதே டயர் இன்னும் இரண்டு பின்னால். அதுவரை மழையில் மேட்டுப்பாளையத்துக்குப் பஸ். கல் பாவும் வரை சேற்றில் ஈ.எஸ்.பி.யை (வண்டி வழுக்காமல் தானாகப் பிடிக்கும் மின்னணு வசதி) அணைத்து ஏற்றலாமா?

கூடலூர் ஜீப்:
அணைக்கலாம். சக்கரம் சுற்றினால்தான் பள்ளத்தில் அப்பிய சேறு உதறும், அது ஆனில் இருந்தால் வேகத்தை வெட்டிவிடும். ஆனால் தார் ஏறியதும் மறக்காமல் ஆன் பண்ணிடுங்க, இப்போது இருக்கிற பின் டயரோடு அது இல்லாமல் ஓட்டவே கூடாது.