குளிரை விடுங்க, முதலில் வெயிலைக் கவனிங்க

கனடா, பிரிட்டன் போன்ற வடக்கு நாடுகளுக்குக் குடிவந்த புதிதில் எல்லோரும் விசாரிப்பது ஜாக்கெட்டும் பூட்ஸும்தான். குளிருக்கு உடுப்பு கிடைத்துவிடும். வெயில் இல்லாததை உடம்பு மெதுவாகத்தான் காட்டும், அதனால்தான் இவ்வளவு வலியுறுத்திச் சொல்கிறேன்.

தோலில் வைட்டமின் டி உண்டாக சூரியனின் புற ஊதா பி கதிர் வேண்டும். குளிர்காலத்தில் சூரியன் தாழ்ந்தே நிற்பதால் கதிர் சாய்வாக வந்து, பெரும்பகுதி ஓசோன் படலத்திலேயே நின்றுவிடுகிறது. 42 டிகிரி வடக்கிலுள்ள அமெரிக்காவின் பாஸ்டனில் நவம்பர் முதல் பிப்ரவரி வரை தோலில் வைட்டமின் டி உண்டாவதில்லை என்று 1988இல் வந்த ஆய்வு காட்டியது. இன்னும் வடக்கே, கனடாவின் எட்மன்டனில் அக்டோபரிலிருந்து மார்ச் வரை. பளிச்சென்று வெயில் அடிக்கிற நாளிலும் இதே நிலைதான். ஜன்னலோரம் உட்கார்ந்தும் பயனில்லை, கண்ணாடி அந்தக் கதிரை விடாது.

நம் தோலில் மெலனின் என்ற நிறமி அதிகம், அது இந்தக் கதிரைத் தடுக்கும். ஆகவே கோடையிலும் வெளிர்தோல் உள்ளவர்களைவிட நமக்குக் கூடுதல் நேரம் வெயில் தேவை. இடுப்பு, தொடை எலும்பில் வலி, படியேறும்போது தொடை தளர்வது, தரையிலிருந்து எழச் சிரமம்: இவை வைட்டமின் டி குறைவின் அறிகுறியாக இருக்கலாம். இவற்றை "வயசாச்சு" என்று ஒதுக்காதீர்கள், முக்கியமாகப் பிள்ளைகளோடு வந்து தங்கும் அம்மா அப்பா விஷயத்தில். 25 ஹைட்ராக்சி வைட்டமின் டி என்ற ரத்தப் பரிசோதனையை மருத்துவரிடம் கேளுங்கள். குழந்தைகளுக்குக் குறைந்தால் ரிக்கெட்ஸ் வந்து கால் எலும்பு வளையும்.

பிரிட்டனில் இலையுதிர், குளிர்காலங்களில் எல்லோருக்கும் தினம் 10 மைக்ரோகிராம், அதாவது 400 யூனிட், வைட்டமின் டி பரிந்துரைக்கிறார்கள். கருந்தோல் உள்ளவர்கள் ஆண்டு முழுவதும் எடுப்பதைப் பற்றி யோசிக்கச் சொல்கிறார்கள். தயவுசெய்து, வாரம் ஒன்று என்று எழுதித்தரும் 60,000 யூனிட் மாத்திரையைத் தினமும் விழுங்காதீர்கள். ரத்தத்தில் கால்சியம் ஏறி சிறுநீரகம் கெடும்.

ஹீட்டரால் தோல் வறள்வது, மூக்கில் ரத்தம் கசிவது எல்லாம் சின்ன விஷயம். குளித்த ஈரத்தோடு க்ரீம் பூசினால் தோல் வறட்சி பெரும்பாலும் அடங்கும்.

மனச்சோர்வு அப்படியல்ல. பகல் சுருங்கும்போது சிலருக்கு அளவுக்கு மீறிய தூக்கம், எதிலும் பிடிப்பின்மை வரும். 1984இல் மனநல மருத்துவர் நார்மன் ரோசன்தால் குழுவினர் இதைப் பருவகால மனச்சோர்வு என்று விவரித்தார்கள். காலையில் அரைமணி நேரம் 10,000 லக்ஸ் (ஒளியின் அளவு) விளக்கின் முன் உட்கார்வது பலருக்கு உதவுகிறது. கண் நோயோ, மனநிலை மிகையாக ஏறி இறங்கும் பைபோலார் நோயோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். சோர்வு இரண்டு வாரம் தாண்டியும் விடவில்லையா, வசந்தம் வரட்டும் என்று காத்திருக்காமல் மருத்துவரைப் பாருங்கள்.