மறு: ‘சேலரி டம்ப்’ – சுமையிறக்கம் என்று சொல்லலாமா?

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

என்.பி.ஏ. என்ற அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்துப் போட்டியில், ஓர் அணி தன் சம்பளக் கணக்கைக் குறைப்பதற்காக ஒரு வீரரை வேறு அணிக்கு அனுப்பிவிடுவதை ‘சேலரி டம்ப்’ என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச் சொல் தேடும் இந்த இழையில் இதுவரை வந்த சொற்களில் ‘சம்பளக் குறைப்பு’க்குத்தான் ஆதரவு அதிகம். அதை ஏற்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளத்தான் இந்த மடல். சம்பளக் குறைப்பு என்றதும் தமிழ் வாசகருக்குத் தோன்றுவது ஒன்றுதான்: உழைப்பவர் கைக்கு வரும் தொகை குறைந்துவிட்டது. என்.பி.ஏ. கூடைப்பந்தில் ஒரு வீரரை இப்படி வேறு அணிக்கு அனுப்பும்போது அவருடைய ஒப்பந்தமும் அப்படியே கூடப் போகிறது. அவருக்கு ஒரு டாலர்கூடக் குறையாது. பழைய அணியின் கணக்கில் எவ்வளவு இறங்குகிறதோ அவ்வளவும் புதிய அணியின் கணக்கில் ஏறிவிடும்.

‘கழிப்பு’, ‘கொட்டல்’ இரண்டும் ஆங்கிலச் சொல்லுக்கு நெருக்கமானவைதான். ஆனால் தொகை எங்கோ காணாமல் போனது போன்ற எண்ணத்தைத் தருகின்றன. ‘கைமாற்று’ என்று எழுதிய ஐயாவுக்கு: சொல் அழகானது, ஆனால் நம் ஊரில் அதற்கு வட்டியில்லாத சில்லறைக் கடன் என்ற பொருள் நன்றாக ஊன்றிவிட்டது. அதைப் பெயர்க்க முடியாது.

ஓர் உண்மையான பரிமாற்றத்தை வைத்தே பார்ப்போம். 2013 ஜூலையில் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் அணிக்கு ஆண்ட்ரே இகுடாலா வேண்டும். அவரும் வரத் தயார். ஆனால் அந்தப் பருவத்தின் சம்பள உச்சவரம்பு (ஓர் அணி தன் வீரர்கள் அனைவரின் சம்பளத்துக்கும் சேர்த்து வைக்கப்பட்ட எல்லை) ஏறத்தாழ 5.87 கோடி டாலர். வாரியர்ஸ் கணக்கில் அவருக்கு இடமில்லை. ரிச்சர்ட் ஜெஃபர்சன், ஆண்ட்ரிஸ் பீட்ரின்ஸ், பிராண்டன் ரஷ் மூவருக்கு மட்டுமே சுமார் 2.4 கோடி போய்க்கொண்டிருந்தது. என்.பி.ஏ.வில் பெரும்பாலான ஒப்பந்தங்கள் உறுதியளிக்கப்பட்டவை. வீரரை நீக்கினாலும் பணம் கொடுத்தாக வேண்டும், அது கணக்கிலும் நிற்கும். ஆகவே அந்த ஒப்பந்தங்களை வாங்கிக்கொள்ள இன்னோர் அணி தேவை. யூட்டா ஜாஸ் அணியிடம் வரம்புக்குள் இடம் இருந்தது, மூவரையும் எடுத்துக்கொண்டது. சும்மா எடுத்துக்கொள்ளவில்லை. 2014, 2017 ஆண்டுகளுக்கான வாரியர்ஸின் முதல் சுற்றுத் தேர்வுரிமைகளையும் (புதிய ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும்போது ஒருவரை எடுக்கும் உரிமை), அவற்றோடு சில இரண்டாம் சுற்று உரிமைகளையும் பெற்றுக்கொண்டது. இகுடாலா நான்கு ஆண்டுக்கு 4.8 கோடி டாலருக்கு வாரியர்ஸில் சேர்ந்தார். 2015 இறுதித் தொடரின் சிறந்த வீரர் விருதும் அவருக்குத்தான்.

இதில் மூன்று பொருள்களுக்குப் பெயர் வேண்டும்: இறக்கிவைக்கும் செயல், வாங்கிக்கொள்ளும் அணி, வாங்கிக்கொள்வதற்காகக் கொடுப்பது. மூன்றையும் ஒரே வேரிலிருந்து எடுக்க நம்மிடம் சொல் தயாராக இருக்கிறது. தலைச்சுமையோடு நடந்து போனவர்கள் யாருடைய உதவியும் இல்லாமல் பாரத்தை இறக்கிவைக்க வழியோரம் நட்ட கல்லைச் சுமைதாங்கி என்கிறோம். பாரத்தைத் தூக்கிப் போகிறவருக்குக் கொடுப்பது சுமைகூலி. ஆகவே என் பரிந்துரை:

சேலரி டம்ப் – சுமையிறக்கம் (முழு வடிவம்: சம்பளச் சுமையிறக்கம்)
அதை வாங்கிக்கொள்ளும் அணி – சுமைதாங்கி அணி
கூடவே கொடுக்கும் தேர்வுரிமை அல்லது பணம் – சுமைகூலி

ஆங்கிலத்தில் கடைசியாகச் சொன்னதை ‘ஸ்வீட்னர்’ என்கிறார்கள். அதைப் பார்த்து ‘இனிப்பு’ என்று எழுதிய முன்மொழிவை விட ‘சுமைகூலி’ நடப்பதைத் தெளிவாகச் சொல்கிறது என்று நினைக்கிறேன். யூட்டா வாங்கியது கூலிதான். அதில் கிடைத்த 2014 தேர்வுரிமையில்தான் ராட்னி ஹுட் என்ற நல்ல ஆட்டக்காரரை எடுத்தார்கள்.

ஒரு மனிதரைச் சுமை என்று சொல்வது முறையா என்று தோழர் ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி, இதை விட்டுவிட்டுப் போகக்கூடாது. சுமையாவது ஒப்பந்தத் தொகை, அதுவும் அந்த அணியின் அந்த ஆண்டுக் கணக்கில் மட்டும். மேலே சொன்ன பிராண்டன் ரஷ் 2014-ல் வாரியர்ஸுக்கே திரும்பி வந்து, 2015-ல் வென்ற அணியில் இருந்தார். இகுடாலாவையே எடுத்துக்கொள்ளுங்கள். 2019-ல் கெவின் டுரான்ட் புரூக்ளினுக்குப் போனபோது, பதிலுக்கு டி’ஆஞ்சலோ ரஸ்ஸலைப் பெற வாரியர்ஸ் தன் கணக்கைச் சுருக்க வேண்டியிருந்தது. அப்போது ஒரு முதல் சுற்றுத் தேர்வுரிமையும் சேர்த்து மெம்ஃபிஸுக்கு அனுப்பப்பட்டவர் இகுடாலா. மூன்று கோப்பைகளுக்கு உழைத்தவர். அவருடைய ஆட்டத்தை யாரும் குறை சொல்லவில்லை, அவருடைய சம்பளத் தொகை கணக்குக்குள் அடங்கவில்லை, அவ்வளவுதான். எனவே பாடத்திலோ செய்தியிலோ ‘சுமை வீரர்’ என்று எழுதவே கூடாது என்பதை வரையறையிலேயே சேர்த்துவிட விரும்புகிறேன். ‘சம்பளச் சுமை’ என்று மட்டும் வரட்டும்.

அடுத்து ‘கேப் ஸ்பேஸ்’, அதாவது உச்சவரம்புக்குள் ஓர் அணிக்கு மீதமிருக்கும் இடம். இதற்கு ‘நிதி இருப்பு’ என்று ஒருவர் சொன்னார். அது குழப்பும். கையில் பணம் இருப்பது வேறு, செலவழிக்க அனுமதி இருப்பது வேறு. உரிமையாளர் எவ்வளவு பெரிய செல்வந்தராக இருந்தாலும் வரம்புக்குள் இடமில்லை என்றால் வெளியிலிருந்து ஒரு நட்சத்திர வீரரை முழுச் சம்பளத்துக்கு ஒப்பந்தம் செய்ய முடியாது. (2025–26 பருவத்துக்கு அந்த வரம்பு 15.46 கோடி டாலர்.) ‘உச்சவரம்பு’ நமக்கு நிலச் சட்டத்திலிருந்து பழகிய சொல், அதை வைத்துக்கொள்வோம். அதிலிருந்து ‘வரம்பிடம்’ என்று சுருக்கமாகச் சொல்லலாம்.

வரம்பிடம் என்பது ஆள் வருவார் என்பதற்கு உத்தரவாதம் இல்லை என்பதும் வரையறையில் இருக்க வேண்டும். 2014-ல் ஹூஸ்டன் ராக்கெட்ஸ் மயாமி அணியின் கிறிஸ் பாஷை எதிர்பார்த்து, ஜெரமி லின்னை ஒரு முதல் சுற்றுத் தேர்வுரிமையோடு லேக்கர்ஸுக்கு அனுப்பியது. பாஷ் மயாமியிலேயே தங்கிவிட்டார். கொடுத்த கூலி திரும்பி வராது. இதற்கு நேர் எதிராக, 2018 பிப்ரவரியில் லேக்கர்ஸ் தன் ஜோர்டன் கிளார்க்சனையும் லாரி நான்ஸ் ஜூனியரையும் கிளீவ்லாந்துக்கு அனுப்பியது. கிளார்க்சனின் ஒப்பந்தத்தில் அந்தப் பருவத்துக்குப் பிறகும் இரண்டு ஆண்டு மீதமிருந்தது. பதிலுக்கு வாங்கிய ஐசையா தாமஸ், சானிங் ஃபிரை இருவரின் ஒப்பந்தமும் அந்தப் பருவத்தோடு முடிபவை. கூடவே ஒரு முதல் சுற்றுத் தேர்வுரிமையையும் கிளீவ்லாந்துதான் கொடுத்தது! இப்படித் திறந்த வரம்பிடமும் உதவித்தான் அதே கோடையில் கிளீவ்லாந்தின் லெப்ரான் ஜேம்ஸ் லேக்கர்ஸுக்கு வந்தார். கிளீவ்லாந்து ரசிகர்களுக்கு இது எவ்வளவு வலித்திருக்கும் என்று இப்போதும் நினைப்பேன்.

‘ஃப்ரீ ஏஜென்ட்’, அதாவது ஒப்பந்தம் முடிந்து வேறு அணியோடு பேசக்கூடிய வீரர், பற்றிச் சுருக்கமாக. ‘கட்டற்ற வீரர்’ மென்பொருள் உலகில் பழகிய அடைமொழி, எனக்கும் பிடிக்கும். ஆனால் வேறு அணி சொன்ன தொகையைப் பழைய அணி ஈடுகட்டி வீரரை வைத்துக்கொள்ளக்கூடிய ‘ரெஸ்ட்ரிக்டட்’ வகை வந்ததும் ‘கட்டுள்ள கட்டற்ற வீரர்’ என்றாகிவிடும். ‘தன்னுரிமை வீரர்’ என்று வைத்தால் அந்த வகையை ‘ஈடுகட்டலுக்கு உட்பட்ட தன்னுரிமை வீரர்’ எனலாம். அதே 2014-ல் ஹூஸ்டனின் சாண்ட்லர் பார்சன்ஸுக்கு டாலஸ் அணி ஒரு தொகை சொன்னது. அதே தொகையை ஈடுகட்டி அவரை வைத்துக்கொள்ள ஹூஸ்டனுக்கு மூன்று நாள் அவகாசம் இருந்தது. ஹூஸ்டன் ஈடுகட்டவில்லை, அவர் போய்விட்டார்.

எனக்குச் சொல் கிடைக்காத ஒன்று ‘கேப் ஹோல்டு’. ஒப்பந்தம் முடிந்த தன் வீரரை மீண்டும் எடுக்கும் உரிமையை அணி விட்டுக்கொடுக்காத வரை, அவருக்காக ஒரு தொகை கணக்கில் நின்றுகொண்டே இருக்கும். அவர் இன்னும் கையெழுத்துப் போடவில்லை, பணமும் வாங்கவில்லை, ஆனாலும் வரம்பிடம் அந்த அளவுக்கு அடைபட்டிருக்கும். உரிமையைத் துறந்தால்தான் திறக்கும். ‘நிறுத்தொகை’ என்று எழுதிப் பார்த்தேன், நிறுத்திவைக்கப்பட்ட சம்பளம் போல ஒலிக்கிறது. ‘பிடித்தம்’ வேறு பொருளுக்குப் போய்விட்டது. வங்கித் துறையில் இருப்பவர்கள், கணக்கில் பணம் இருந்தும் எடுக்க முடியாதபடி முடக்கி வைப்பதற்கு உங்கள் கிளைகளில் தமிழில் என்ன சொல்கிறீர்கள் என்று எழுதினால் அதிலிருந்து தொடரலாம்.

அன்புடன்.