பழைய டீசல் ஃபோர் வீல்: காலையில் மட்டும் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கிறது, உதவி தேவை

மண்தடம்:

வணக்கம் நண்பர்களே. என்னிடம் இருப்பது 30 வயதை நெருங்கும் ஒரு டீசல் ஃபோர் வீல் டிரைவ் வண்டி. 4 சிலிண்டர், 2.5 லிட்டர், டர்போ கிடையாது, ப்ரீ-சேம்பர் எஞ்சின் (டீசல் முதலில் ஒரு சிறு அறையில் பற்றும் வகை), ரோட்டரி எஃப்.ஐ. பம்ப் (டீசலை அழுத்தி எஞ்சினுக்கு அனுப்பும் பம்ப்). கம்ப்யூட்டர் என்று எதுவும் உள்ளே இல்லை. 2,80,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. ஏற்றம், சேறு, மணல் எதிலும் இதுவரை என்னைக் கைவிட்டதில்லை.

பிரச்சினை காலையில் மட்டும்தான். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் செல்ஃப் அடித்தால் 10, 15 விநாடி சுற்றிக்கொண்டே இருக்கிறது, பிடிக்க மாட்டேன் என்கிறது. இரண்டாவது மூன்றாவது தடவை திடீரென்று பிடித்து, மிஸ் ஆகி, வண்டி மொத்தமும் உதறி, வெள்ளைப் புகை கக்கும். அரை நிமிஷத்தில் எல்லாம் அடங்கிவிடும். அப்புறம் நாள் பூராவும் சாவியைத் திருப்பினால் போதும், ஒரு சுற்றில் ஸ்டார்ட்.

ஸ்டார்ட் ஆக உள்ளே சூடேற்றும் ஹீட்டர் பிளக் நான்கும் புதிது. பேட்டரியும் புதிது. டீசல் ஃபில்டரும் மாற்றியாகிவிட்டது. எதிலும் பலன் இல்லை. வழக்கமாக வண்டியைப் பார்ப்பவர், "கம்ப்ரெஷன் போய்விட்டது, எஞ்சினை இறக்கித்தான் ஆக வேண்டும்" என்கிறார். பகல் முழுக்க இவ்வளவு நன்றாக இழுக்கும் எஞ்சினைப் பிரிக்க எனக்கு மனசு வரவில்லை. வேறு ஏதாவது பார்க்க வேண்டுமா?

ஸ்பேனர்14:

அவர் சொல்வதைத் தள்ளிவிட முடியாது தம்பி. டீசல் எஞ்சினில் காற்றை அழுத்தி வரும் சூட்டில்தான் டீசல் பற்றும், அந்த அழுத்தம்தான் கம்ப்ரெஷன். ப்ரீ-சேம்பர் எஞ்சினில் கம்ப்ரெஷன் விகிதம் 20-க்கு மேல் இருக்கும். பிஸ்டன் ரிங், வால்வு தேய்ந்தால் குளிர்ந்த நிலையில் டீசல் பற்றிக்கொள்ளத் தேவையான சூடு உள்ளே வராது. சூடான பிறகு சரியாகிவிடும். நீங்கள் சொல்வது அதற்கும் பொருந்துகிறது. ஆனால் அளந்து பார்க்காமல் எஞ்சினை இறக்க வேண்டாம். டீசலுக்கான கேஜ் வைத்து நான்கு சிலிண்டரையும் பாருங்கள். பெட்ரோல் வண்டிக்கான கேஜ் இந்த அழுத்தத்தைத் தாங்காது.

காட்டுவழி:

அதுவரைக்கும் ஏர் ஃபில்டர் வாயில் கொஞ்சம் ஸ்டார்ட்டிங் ஸ்ப்ரே அடித்தால் உடனே பிடிக்கும். அவசரத்துக்கு உதவும்.

இரும்புக்குதிரை:

தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அந்த ஸ்ப்ரேயில் இருப்பது ஈத்தர். ஹீட்டர் பிளக் பழுக்கக் காய்ந்திருக்கும் எஞ்சினுக்குள் அது போனால், பிஸ்டன் மேலே வந்து சேரும் முன்பே வெடிக்கும். பிஸ்டன் உடைந்து, ரிங் லேண்டு (பிஸ்டனில் ரிங்குகளுக்கு நடுவே உள்ள பகுதி) பெயர்ந்து போன எஞ்சின்கள் உண்டு. இன்றைக்கு இல்லாத கம்ப்ரெஷன் பிரச்சினையை நாமே உண்டாக்கினதாக ஆகிவிடும்.

மண்தடம், எனக்கு இரண்டு விஷயம் தெரிய வேண்டும். ஒன்று, பிடிப்பதற்கு முன்னால், செல்ஃப் சுற்றும்போதே சைலன்ஸரில் புகை வருகிறதா? வேறு ஒருவரை நிற்க வைத்துப் பாருங்கள். வெள்ளைப் புகை வந்தால் டீசல் உள்ளே போகிறது, பற்றவில்லை என்று பொருள். அப்போது ஹீட்டரையும் கம்ப்ரெஷனையும் சந்தேகப்படலாம். புகையே வராவிட்டால் சிலிண்டருக்கு டீசலே போய்ச் சேரவில்லை. இரண்டு, எல்லாக் காலையும் ஒரே மாதிரியா, சில நாள் நன்றாகப் பிடிக்கிறதா?

மண்தடம்:

இன்று காலை தம்பியைப் பின்னால் நிறுத்திப் பார்த்தேன் அண்ணா. சுற்றும்போது புகை துளிகூட இல்லை. பிடித்த பிறகுதான் வருகிறது.

இரண்டாவது கேள்வியைப் படித்த பிறகு யோசித்தேன். சில நாள் பிரச்சினையே இல்லாமல் பிடிக்கும், உண்மைதான். வீட்டு வழி சரிவாக இருக்கும். தலைகீழாக, அதாவது பானட் கீழே பார்த்தபடி நிறுத்திய ராத்திரிகளுக்கு அடுத்த நாள் பிடித்துவிடுகிறது. பானட் மேலே பார்த்தபடி நிறுத்தினால்தான் மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது. இது சம்பந்தமில்லாத விஷயம் என்று முதலில் எழுதவில்லை.

இரும்புக்குதிரை:

எல்லாவற்றையும் விட முக்கியமான விஷயமே அதுதான் தம்பி. கம்ப்ரெஷனுக்குச் சரிவு தெரியாது. ரிங் தேய்ந்திருந்தால் வண்டி எந்தப் பக்கம் பார்த்து நின்றாலும் காலையில் ஒரே மாதிரிதான் மக்கர் பண்ணும். சரிவு தெரிந்தது டீசலுக்கு.

உங்கள் டேங்க் பின்னால், சேஸிஸுக்குக் கீழே இருக்கும். பானட் மேலே போனால் பம்பும் ஃபில்டரும் டேங்கைவிட நல்ல உயரத்துக்குப் போய்விடும். மேலே எங்கேயாவது மயிரிழை அளவுக்குக் காற்று நுழைய வழி இருந்தால், லைனில் நிற்கும் டீசல் மெதுவாக டேங்குக்கே இறங்கிவிடும். காலையில் பம்ப் முதலில் காற்றை இழுத்து, பிறகு டீசலை இழுத்து, அப்புறம்தான் நாசிலுக்கு, அதாவது எஞ்சினுக்குள் டீசலைத் தெளிக்கும் முனைக்கு, அனுப்பும். அந்த 15 விநாடி அதற்குத்தான். பானட் கீழே இருந்தால் டேங்க் உயரத்தில் இருக்கும், டீசல் இறங்காது.

வெளியே எங்கும் கசிவு தெரியவில்லையே என்று நினைப்பீர்கள். டேங்கிலிருந்து பம்ப் வரைக்கும் இருப்பது உறிஞ்சும் பக்கம். அங்கே ஓட்டை விழுந்தால் காற்று உள்ளே போகும், டீசல் வெளியே வராது. தரையில் ஒரு சொட்டுகூட இருக்காது. பல பேர் இதில்தான் ஏமாந்து, நல்ல பிளக்கையும் நல்ல பேட்டரியையும் மாற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

சோதனை எளிது. ஃபில்டருக்கும் எஃப்.ஐ. பம்புக்கும் நடுவே உள்ள ஹோஸைக் கழற்றிவிட்டு, அதே அளவில் கண்ணாடி மாதிரி உள்ளே தெரியும் ஹோஸைக் கிளிப் போட்டு மாட்டுங்கள். கழற்றும் முன் சுற்றிலும் நன்றாகத் துடைத்துவிடுங்கள். அந்தப் பம்புக்குள் இடைவெளி சில மைக்ரான்தான், ஒரு மணல் பொடி போதும் கெடுக்க. ஆல்டர்னேட்டர், பெல்ட் மேல் துணி போட்டு மூடுங்கள். மாட்டியதும் ஃபில்டர் மேல் இருக்கும் ஏர் ஸ்க்ரூவைத் தளர்த்தி, கை பம்பை அடித்து, குமிழி நின்று சுத்தமான டீசல் வரும்போது இறுக்குங்கள். ராத்திரி பானட் மேலே நிறுத்துங்கள். காலையில் சாவியைத் தொடும் முன் அந்த ஹோஸைப் பாருங்கள்.

ஓடும் எஞ்சினில் நாசில் பைப் நட்டை யாராவது தளர்த்தச் சொன்னால் கை வைக்காதீர்கள். அங்கே 100 பாருக்கு மேல் அழுத்தம். அந்தப் பீச்சு தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வலி பெரிதாக இல்லாவிட்டாலும் அது உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய காயம்.

மண்தடம்:

பார்த்துவிட்டேன் அண்ணா. ராத்திரி ஹோஸ் முழுக்க வைக்கோல் நிறத்தில் டீசல் நின்றது. காலையில் டார்ச் அடித்தால் பாதி ஹோஸ் காலி. உள்சுவரில் எண்ணெய்ப் படலம் மட்டும் மினுங்கியது, ஒரு சாண் நீளத்துக்கு வெறும் காற்று. செல்ஃப் அடித்ததும் அந்தக் காற்று பம்பை நோக்கி நகர்வதைக் கண்ணால் பார்த்தேன். எஞ்சின் பிடித்து ஐடிலில் ஓடும்போதும் கடுகு மாதிரி குமிழிகள் விடாமல் போய்க்கொண்டிருந்தன.

அடுத்து எங்கே தேடுவது?

ஸ்பேனர்14:

சரி, கம்ப்ரெஷன் பேச்சை நான் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். இரும்புக்குதிரை சொன்னதுதான் சரி.

காட்டுவழி:

டேங்கிலிருந்து வரும் லைனில் ஒரு நான்-ரிட்டர்ன் வால்வு போட்டுவிட்டால் டீசல் திரும்பிப் போகாதே, அது போதாதா?

இரும்புக்குதிரை:

காலையில் பிடிக்கும், உண்மைதான். ஓட்டை அங்கேயே இருக்கும். நாளுக்கு நாள் பெரிதாகி ஒருநாள் ஓடும்போதே ஏற்றத்தில் மூச்சுத் திணறும். அந்தப் பம்புக்கு மசகே டீசல்தான், எஞ்சின் ஆயில் அதற்குள் போவதில்லை. காற்று கலந்த டீசலில் நெடுநாள் ஓடினால் பம்ப் தேயும். ஓட்டையைக் கண்டுபிடித்து அடைப்பதுதான் வழி.

தம்பி, இப்போது அதே ஹோஸை ஃபில்டருக்கு முன்னால், டேங்க் பக்கம் மாற்றி மாட்டுங்கள். காலையில் காலியாக இருப்பதை வைத்து இடத்தைச் சொல்ல முடியாது, டீசல் எல்லா இடத்திலும்தான் இறங்கியிருக்கும். எஞ்சின் சில நிமிஷம் ஓடிய பிறகு குமிழி வருகிறதா என்று மட்டும் பாருங்கள். டேங்க் பக்கமும் குமிழி வந்தால் கோளாறு கீழே: துருப்பிடித்த பைப், டேங்குக்குள் இருக்கும் உறிஞ்சு குழாய், சேஸிஸ் ஓரமாக வரும் ரப்பர் ஹோஸ். டேங்க் பக்கம் சுத்தமாக இருந்து, பம்ப் பக்கம் மட்டும் குமிழி இருந்தால் காற்று ஃபில்டர் தலையில்தான் நுழைகிறது.

பழையகாற்று:

ஒன்று சேர்த்துச் சொல்கிறேன். இந்த வயசு வண்டிகளில் சீல், ஓ-ரிங் எல்லாம் அந்தக் காலத்து கந்தகம் அதிகமான டீசலில் ஊறிப் பழகியவை. அந்த டீசலில் இருந்த அரோமாட்டிக் பொருட்கள் ரப்பரைக் கொஞ்சம் உப்பலாக வைத்திருந்தன. இப்போது பல நாடுகளில் டீசலில் கந்தகம் 10 பிபிஎம் (பத்து லட்சத்தில் 10 பங்கு) அளவுக்கு வந்துவிட்டது. அதைச் சுத்திகரிக்கும் முறையில் அரோமாட்டிக் பொருளும் குறைகிறது. பழைய நைட்ரைல் ரப்பர் சுருங்கி, இறுகி, இடைவெளி விடுகிறது. மாற்றும்போது வைட்டான் (எரிபொருளைத் தாங்கும் செயற்கை ரப்பர்) ஓ-ரிங் கிடைத்தால் அதையே போடுங்கள். நாசில்களுக்கு நடுவே ஓடும் மெல்லிய ரிட்டர்ன் ஹோஸையும் மறக்காதீர்கள்.

மண்தடம்:

கிடைத்துவிட்டது!

டேங்க் பக்கம் ஹோஸில் ஒரு குமிழி இல்லை. பளிங்கு மாதிரி ஓடியது. அப்படியென்றால் ஃபில்டர் தலை. எஞ்சினை நிறுத்தி, சுற்றிலும் துணியால் துடைத்து, காய விட்டு, கை பம்பை மெதுவாக அடித்தேன். பத்தாவது அடியில் கை பம்பின் அடிப்பாகத்தைச் சுற்றி ஒரு ஈர வளையம் தெரிந்தது. ஓடும்போது காற்றை உள்ளே இழுத்த அதே ஓட்டை, கையால் அழுத்தம் கொடுத்ததும் டீசலை வெளியே விட்டது. கழற்றிப் பார்த்தால் அடியில் இருந்த ஓ-ரிங் தட்டையாகி, நகத்தால் அழுத்தினால் பள்ளம்கூட விழாமல் கல் மாதிரி இருந்தது.

கை பம்பைப் புதிதாகவே போட்டுவிட்டேன், வைட்டான் ஓ-ரிங்கோடு. பழையகாற்று சொன்னபடி ரிட்டர்ன் ஹோஸையும் வளைத்துப் பார்த்தேன். பல்லி முதுகு மாதிரி வெடிப்பு. அதையும் மாற்றிவிட்டேன். டீசல் பைப்பை இணைக்கும் பான்ஜோ போல்ட்டுகளுக்குக் காப்பர் வாஷரும் புதிது.

8 நாள் ராத்திரி வேண்டுமென்றே பானட் மேலே பார்த்தபடி நிறுத்தினேன். எட்டு நாளும் இரண்டே விநாடியில் பிடித்தது. உதறல் இல்லை, புகை இல்லை. அண்ணா, எஞ்சினைப் பிரிக்காமல் காப்பாற்றிக் கொடுத்தீர்கள். என்ன சொல்வதென்று தெரியவில்லை.

கடைசியாக ஒரு சந்தேகம். எஃப்.ஐ. பம்பின் சீல்களும் இதே வயசுதானே, முன்கூட்டியே பிரித்து மாற்றிவிடவா?

இரும்புக்குதிரை:

ரொம்ப சந்தோஷம் தம்பி. பம்பைத் தொடாதீர்கள். த்ராட்டில் ஷாஃப்ட்டைச் சுற்றியும், மேல் மூடி ஓரத்திலும் மாதத்துக்கு ஒருமுறை விரலால் தடவிப் பாருங்கள். காய்ந்திருக்கும் வரை அது அப்படியே ஓடட்டும். ஈரம் கண்டால் அன்றைக்குப் பிரிக்கலாம், அதுவும் டெஸ்ட் பெஞ்ச் வைத்திருப்பவரிடம் கொடுத்து.

அந்தக் கண்ணாடி ஹோஸை ஞாபகமாகக் கழற்றிவிடுங்கள். டீசலிலும் எஞ்சின் சூட்டிலும் அது சீக்கிரமே விறைத்து, கிளிப் இருக்கும் இடத்தில் வெடித்துவிடும்.

மண்தடம்:

இன்று மாலையே கழற்றிவிட்டேன் அண்ணா. டீசலுக்கான ரப்பர் ஹோஸ் போட்டு, ஏர் எடுத்து, வண்டியை மேலே பார்த்தபடியே நிறுத்தியிருக்கிறேன்.