முந்தும் தடத்தில் ஒட்டி வரும் வண்டிக்கு உடனே வழிவிட வேண்டுமா?

பெருந்துறைவாசி (கேள்வி):

வணக்கம். வேலை நிமித்தமாக வாரத்தில் இரண்டு நாட்கள் கோவைக்கும் சேலத்துக்கும் இடையே காரில் சென்று வருகிறேன். சென்ற வாரம் விஜயமங்கலம் சுங்கச்சாவடியைத் தாண்டி, இடது தடத்தில் சுமார் 60 கிலோமீட்டர் வேகத்தில் வரிசையாகச் சென்றுகொண்டிருந்த ஐந்து லாரிகளை வலது தடத்தில் 90 கிலோமீட்டர் வேகத்தில் முந்திக்கொண்டிருந்தேன். அப்போது பின்னால் வந்த கார், அதன் நம்பர் பிளேட்டே என் கண்ணாடியில் தெரியாத அளவுக்கு நெருங்கி, முகப்பு விளக்கை விடாமல் டிம் டிப் அடித்தது. பதற்றத்தில் மூன்றாவது லாரிக்கும் நான்காவது லாரிக்கும் இடையே நுழைந்து பிரேக்கை அழுத்தினேன். பின்னால் இருந்த லாரிக்காரர் அடித்த ஹாரனில், பின் இருக்கையில் உறங்கிக்கொண்டிருந்த என் தாயார் அலறி எழுந்துவிட்டார்.

பாதி முந்திக்கொண்டிருக்கும்போதும் வழிவிட வேண்டிய கடமை எனக்கு உண்டா? இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன். இடது தடத்தில் எதிர்த்திசையில் மொபெட்டுகள் வருவதற்கு அஞ்சி, லாரிகள் இல்லாத இடங்களிலும் நான் பெரும்பாலும் வலப்பக்கமே ஓட்டுகிறேன். அது தவறா?

சங்ககிரி பழைய ஓட்டுநர்:

தம்பி, முப்பது ஆண்டுகள் லோடு வண்டி ஓட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன். நீங்கள் நுழைந்த அந்த இடைவெளிதான் அன்றைக்கு நடந்தவற்றில் மிக ஆபத்தானது. லோடு ஏற்றிய லாரி, மிதித்த இடத்தில் நிற்காது. காற்று பிரேக்கில் காற்று சக்கரம்வரை சென்று பிடிப்பதற்கே ஒரு நொடியில் ஒரு பங்கு போய்விடும், அதற்குப் பிறகு பாரம் தள்ளும். முன்னால் நான் விட்டுவைத்த இடைவெளி எனக்கு வேண்டிய இடம்; உங்களுக்குக் காலியாகத் தெரிவதால் அது காலி இடமாகிவிடாது.

இடது இண்டிகேட்டரைப் போட்டு, 'முடித்ததும் ஒதுங்கிவிடுகிறேன்' என்று பின்னால் வருபவருக்குத் தெரிவித்துவிட்டு, அதே வேகத்தில் ஐந்து லாரிகளையும் கடந்திருக்க வேண்டும். முழு லாரியும் உட்கண்ணாடியில் தெரிந்த பிறகு இடப்பக்கம் வரலாம். அதுவரை அவர் என்ன அடித்தாலும் அடிக்கட்டும்.

எங்கள் மீதும் குறை உண்டு. மீடியனை, அதாவது சாலையின் நடுத்தடுப்பை, ஒட்டியே மெதுவாகச் செல்லும் லாரிகளைப் பற்றிக் கார்காரர்கள் கோபப்படுவது நியாயம்தான். ஆனால் இடது தடத்தில் இரவில் பின்விளக்கு இல்லாமல் நிறுத்தியிருக்கும் வண்டியின் மீது ஒரு முறை மோதப் பார்த்தவன், அதற்குப் பிறகு அந்தப் பக்கம் போக மனம் ஒப்பமாட்டான்.

அவிநாசி கணக்கர்:

பெரியவர் சொன்னதை எண்களில் பார்க்கலாம். 90 கிலோமீட்டர் வேகம் என்றால் நொடிக்கு 25 மீட்டர். கண் பார்த்து, மூளை உணர்ந்து, கால் பிரேக்குக்குச் செல்லவே ஏறத்தாழ ஒரு நொடி ஆகும். எனவே ஐந்து மீட்டர் பின்னால் வருபவர், நீங்கள் சட்டென்று நின்றால் பிரேக்கைத் தொடுவதற்கு முன்பே உங்கள் வண்டியின் டிக்கியில் இருப்பார். முன்செல்லும் வண்டி ஒரு மரத்தைக் கடந்ததும் 'ஆயிரத்து ஒன்று, ஆயிரத்து இரண்டு' என்று நிதானமாக எண்ணி முடித்த பிறகே நாம் அம்மரத்தை அடைய வேண்டும். அது சுமார் 50 மீட்டர். மழையிலும் இரவிலும் நான்குவரை எண்ணுங்கள்.

லாரிகளுக்கிடையே 40 மீட்டர் இருந்ததாக வைத்துக்கொண்டால், நான்கு மீட்டர் நீளமுள்ள கார் நடுவில் நுழைந்ததும் பின்னால் 18 மீட்டர்தான் மிஞ்சும். 60 கிலோமீட்டரில் வரும் லாரிக்கு அது ஒரு நொடித் தூரம். ஐந்து லாரிகளையும் நீங்கள் கடந்து முடிக்க ஏறத்தாழ அரை நிமிடம் ஆகியிருக்கும். அவ்வளவுதான் அந்த அவசரக்காரர் இழந்திருப்பார்.

சட்டத்தைப் பொறுத்தவரை, முன்செல்லும் வண்டி திடீரென நின்றாலும் மோதாத அளவுக்கு இடைவெளி விடுவது பின்னால் வருபவரின் பொறுப்பு என்பதே 2017ஆம் ஆண்டின் மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகளின் நிலை. விதிக்கு மாறாக முந்துவதை, 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், மோட்டார் வாகனச் சட்டத்தின் 184ஆம் பிரிவு ஆபத்தான ஓட்டுதலில் சேர்த்திருக்கிறது. ஆனால் உங்கள் இரண்டாவது கேள்விக்கு விடை, ஆம், அது தவறு என்பதுதான். வலது தடம் முந்துவதற்கானது. நீங்கள் அங்கேயே தங்கினால் பின்னால் வருபவர் இடப்பக்கமாக முந்துவார். நீங்கள் அஞ்சும் அந்த மொபெட்டின் மீது அவர்தான் மோதுவார்.

லாரிகள் ஏன் இவ்வளவு நேரம் தடத்தை அடைத்துக்கொள்கின்றன என்பதற்கும் கணக்கு உண்டு. வேகக் கட்டுப்பாட்டுக் கருவி பொருத்திய லாரி 80 கிலோமீட்டரைத் தாண்டாது. 76இல் செல்லும் இன்னொரு லாரியை அது முந்த, இரண்டின் நீளத்தையும் முன்பின் இடைவெளியையும் சேர்த்து 64 மீட்டர் என்று கொண்டால், ஏறக்குறைய ஒரு நிமிடம் ஆகும். அதற்குள் சாலையில் 1.3 கிலோமீட்டர் ஓடிவிடும். ஹாரன் அடித்து இதைக் குறைக்க முடியாது.

பல்லடம் வாசகி:

அண்ணா சொன்ன கணக்கோடு காற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்று பல்லடம், தாராபுரம் பக்கம் உயரமான கன்டெய்னர்களையே அசைக்கும். லாரியின் மறைவிலிருந்து கார் வெளிப்படும் அந்த நொடியில் ஸ்டியரிங்கை ஒரு தள்ளு தள்ளும். அதனால் லாரிக்கு இணையாக நெடுநேரம் ஓட்டாமல் விரைவாகக் கடந்துவிடுவது நல்லது.

மீடியன் இல்லாத சாலையில் எனக்கு எப்போதும் குழப்பம் தருவது முன்செல்லும் லாரியின் வலது இண்டிகேட்டர். சிலர் அதை 'எதிரே வண்டி வருகிறது, முந்தாதே' என்பதற்குப் போடுகிறார்கள், சிலர் 'போகலாம்' என்பதற்குப் போடுகிறார்கள், சிலர் உண்மையிலேயே வலப்பக்கம் தோட்டத்துக்குத் திரும்புகிறார்கள். முன்பு கிளீனர் கையை நீட்டிக் காட்டுவார் என்று என் தந்தை சொல்வார். நான் அந்த விளக்கை நம்பி ஒருபோதும் முந்துவதில்லை. எதிர்ப்பக்கச் சாலை என் கண்ணுக்குத் தெரிந்தால் மட்டுமே வெளியே எடுப்பேன்.

பெருந்துறைவாசி:

அனைவருக்கும் நன்றி. நேற்று சேலம் சென்று திரும்பும்போது, முந்தும் நேரம் தவிர இடது தடத்திலேயே ஓட்டிப் பார்த்தேன். பவானிக்கு முன்னால் ஒரு மொபெட்டும், சாலையோரம் நிறுத்தியிருந்த ஒரு தேங்காய் வண்டியும் வந்தன. முன்கூட்டியே பார்த்ததால் வேகத்தைக் குறைத்து, கண்ணாடி பார்த்து விலக முடிந்தது. ஒரு கார் மீண்டும் ஒட்டி வந்தது. இடது இண்டிகேட்டரைப் போட்டுக்கொண்டு இரண்டு லாரிகளையும் கடந்துதான் ஒதுங்கினேன். டிம் டிப் அடிப்பதை அவர் நிறுத்தவில்லை, ஆனால் சற்றே பின்வாங்கினார்.

ஒரு சந்தேகம் மட்டும் மிச்சம். செங்கப்பள்ளியிலிருந்து நீலாம்பூர்வரை ஒரு பக்கத்துக்கு மூன்று தடங்கள் இருக்கின்றனவே, அங்கே நடுத்தடத்தில் தொடர்ந்து ஓட்டலாமா?

சங்ககிரி பழைய ஓட்டுநர்:

இடது தடத்தில் லாரிகள் அடர்த்தியாக இருக்கும்வரை நடுவில் ஓட்டுங்கள் தம்பி. இடப்பக்கம் நீளமாகக் காலியாகத் தெரிந்தால் அங்கே போய்விடுங்கள். உங்கள் வெளியேறும் இடத்துக்கு இரண்டு கிலோமீட்டர் இருக்கும்போதே ஒவ்வொரு தடமாக இறங்குங்கள். கடைசி நேரத்தில் மூன்று தடங்களையும் குறுக்கே வெட்டுபவரைத்தான் எங்களால் எந்தப் பிரேக்கை வைத்தும் காப்பாற்ற முடியாது.